நான் படிக்காமல் திருத்திய நோட்டு

1

“பொண்ணு பி.எட். முடிச்சிட்சி, சந்தோசம். ஆனா நாலு பேர் வூட்டுப் புள்ளைங்களுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுக்கறதுக்கு அது போதுமா?”

எனக்கு வேலை கிடைத்த அன்று, அப்பா வேலை பார்த்த கல்குவாரியின் மேஸ்திரி கன்னியப்பன் இப்படிக் கேட்டார். நான் கொடுத்த லட்டைத் தின்றுகொண்டேதான் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். முடிச்சூரில் எங்கள் தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் ஓடி வருவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. “போதாதுன்னா எம்.எட். இருக்கு மேஸ்திரி” என்றேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மேஸ்திரி சிரிக்காமல் இரண்டாவது லட்டை எடுத்துக்கொண்டார்.

இப்போது நான் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்தத் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர இருபது நிமிடம் போதும். தாம்பரம் ரயில்வே கேட்டில் அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன். காலையில் பெண்கள் தெருவின் வெள்ளை மணலைப் பெருக்கி, கோலம் போடாமலே உள்ளே போய்விடுவார்கள். முதல் வாரம் அது எனக்குப் பாதியில் விட்ட வேலையாகவே தெரிந்தது. மதியம் மீன், மறுபடியும் மீன். வாரம் ஒரு முறை தலைநகரிலிருந்து தோணி வரும். இங்கும் அதற்குத் தோணி என்றுதான் பெயர். தெரிந்த ஒரு சொல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு தலைமையாசிரியர் ஹசன் சார் எதற்கெடுத்தாலும் ‘பராபரு’ என்பதைக் கேட்டு, மனிதர் ஓயாமல் பராபரத்தையே நினைக்கிறார் என்று ஒரு மாதம் அவரை மரியாதையாகப் பார்த்தேன். ‘சரி’ என்பதற்கு அவர்கள் மொழியில் அந்தச் சொல் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் ஹசன் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் என் கோப்பு திறந்திருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் இது. புதுப்பிக்கலாம் அல்லது வேண்டாம் என்று தலைநகருக்கு எழுத வேண்டியவர் அவர்தான். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். இருவருக்கும் அது சொந்த மொழி இல்லை என்பதால் இருவருமே மிகவும் மரியாதையாகப் பேசுவோம்.

“நவம்பரில் வெற்றி நாள் வருகிறது. பிள்ளைகளுக்குப் பயங்கரவாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இதில் அனுபவம் இருக்கிறதே” என்றார்.

என்ன அனுபவம் என்று எனக்குப் புரியவில்லை. கோப்பை என் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அடித்து வாங்கிய என் பயோடேட்டா. பயங்கரவாதம், சகிப்புத்தன்மை, குடிமைப் பண்புகள் பற்றி மாணவர்களுக்கு விழிப்புணர்வு நிகழ்ச்சி வெற்றிகரமாக நடத்தியவர் என்று அதில் இருந்தது. ‘வெற்றிகரமாக’ என்பதைச் சேர்க்கச் சொன்னது நான்.

“அதையே இங்கும் செய்யுங்கள். தீவில் பிள்ளைகள் பார்க்கிற புது ஆட்கள், பழக்கமில்லாத பொருட்கள், எல்லாவற்றையும் எழுதட்டும். நல்லதாக இருப்பதை அன்றைக்கு வாசிக்கலாம்.”

நானும் பராபரு என்றேன்.

2

வெற்றி நாள் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஆயுதங்களோடு படகில் வந்த ஒரு கூட்டம் இந்த நாட்டின் தலைநகரைத் தாக்கியது. தெருவில் ஆட்கள் செத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். அவர்களை விரட்ட விமானத்தில் வந்து இறங்கியது இந்திய ராணுவம்.

நான் இந்தியாவிலிருந்து வந்தவள். தமிழ் பேசுகிறவள். ஆகவே இங்கே காலையில் எனக்கு நன்றி சொல்வார்கள், சாயங்காலம் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். என்னோடு தங்கியிருக்கும் ஸ்டெல்லா அக்கா நாகர்கோவில்காரர், கணக்கு ஆசிரியை. நான் வந்த புதிதில் இருவரும் கடையில் நின்று, வெங்காயம் அழுகியிருக்கிறதா இல்லையா என்று சத்தமாகத் தமிழில் வாதாடிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். கடையில் இருந்த கிழவர் ஒருவர் எழுந்து வெளியே போனார்.

“இனிமே கடையில இங்கிலீஷ்லயே வெங்காயத்தத் திட்டு மக்களே” என்றார் ஸ்டெல்லா அக்கா, வழியில். “அந்தக் கெழவருக்க மகன் அண்ணைக்கு தலைநகரத்துல செத்துட்டான்.”

அன்று நான் கோபப்பட்டேன். யாரோ செய்ததற்கு என் மொழி என்ன செய்யும் என்று அறைக்கு வந்து அரைமணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன். அக்கா அதற்குள் மீன் குழம்பு வைத்து முடித்துவிட்டார்.

அந்தச் சொற்பொழிவை ஆற்ற எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன்.

3

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. எங்களுக்குப் பக்கத்து ஊரில், தேர்தல் கூட்டத்தில், நாட்டையே உலுக்கிய அந்தக் குண்டு வெடித்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது எல்லோர் பேச்சிலும் அதுதான். தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்ட படிவத்தில் ‘கான்ட்ராக்டர்’ என்று எழுதியிருந்தேன்.

அப்பா கான்ட்ராக்டர் இல்லை. எருமையூர்ப் பக்கத்துக் குவாரியில் வேட்டு வைக்கிறவர். பாறையில் துளை போட்டு, மருந்து அடைத்து, ஒயர் இழுத்து வெடிப்பது அவர் வேலை. வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஆனால் அந்தக் குவாரியில் சிவப்புத் துணியும் விசிலும் அவர் கையில்தான் இருக்கும். அவர் விசில் ஊதினால் லாரி நிற்கும், முதலாளியின் காரும் நிற்கும். “மூணு தபா ஊதணும், மூணு தபா சுத்திப் பாக்கணும். ஆடு மேஞ்சிகினு இருந்தாக்கூட வேட்டு வெக்கக் கூடாது” என்பார். திருநீர்மலையைக் கடக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார். “பெருமாள் மேல போய் உக்காந்துகினு கீறாரு, அதான் இந்த மல தப்பிச்சிது. இல்லாங்காட்டி நானே ஜல்லியாக்கியிருப்பேன்.” வெடித்து முடிந்தபின் மிஞ்சும் சிவப்பு, மஞ்சள் ஒயர்களைச் சுருட்டிக் கொண்டுவருவார். அம்மா அதில் கூடை பின்னுவாள். குவாரிக்காரர்கள் வீடுகளில் துணி காயப்போடுகிற கொடிகூட அந்த ஒயர்தான்.

இதில் எதையும் நான் பள்ளியில் மூச்சு விடவில்லை. பஸ்ஸில் அவர் எதிரே வந்தால்கூட ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் பார்த்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் விழிப்புணர்வு வாரம் என்று ஒன்றை அறிவித்தார். “யாராவது நல்லா, எஃபெக்டிவ்வா பண்ணுங்க மிஸ்” என்று ஆசிரியர் அறையைப் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் டீ டம்ளருக்குள் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். சகிப்புத்தன்மை பற்றி இருபது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன், எனக்கே கண் கலங்கியது. பிறகு எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம் உங்கள் தெருவைக் கவனியுங்கள், சந்தேகமாகத் தெரிகிறதை நோட்டில் எழுதுங்கள், தெரியாதவர் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சகிப்புத்தன்மைக்குக் கண்ணீரும் சந்தேகத்துக்கு வீட்டுப்பாடமும் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நோட்டுகள் வந்தன. முதல் பன்னிரண்டைப் படித்தேன். ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். ‘எங்கள் தெருவில் ஒரு மாமா வெயில் இல்லாதபோதும் கருப்புக் கண்ணாடி போடுகிறார்.’ ‘பக்கத்து வீட்டு ஆன்ட்டி எங்கள் இட்லிக் குண்டானைத் திருப்பித் தரவில்லை. கேட்டால் முறைக்கிறார்.’ ‘மாடி வீட்டுக்காரர்கள் இலங்கைத் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் அந்த அக்கா நன்றாகக் கோலம் போடுவார்.’ எல்லோரும் சிரித்தோம். நான் மூன்றுக்கும் டிக் போட்டேன்.

மீதி இருபத்தாறைப் படிக்கவில்லை. வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்த பக்கத்தோடு அடுக்கிவிட்டால், பிள்ளை எடுத்து நகர்த்த நகர்த்த, சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு ‘மிக நன்று’, ஒரு கையெழுத்து. நோட்டுக்கு மூன்று நொடி. என்னைவிட வேகமாகப் போடுகிறவர்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள், நான் புதுசு.

தலைமையாசிரியருக்கு ஏக சந்தோஷம். கட்டைத் தூக்கிப் பார்த்தார். அவரும் படிக்கவில்லை. ஒரு முகப்புக் கடிதம் வைத்து, எங்கள் மாணவர்களின் குடிமை உணர்வு என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தார்.

4

அடுத்த வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

“உங்கப்பாவ டேசனுக்கு இட்டுனு போயிட்டாங்க. ஒயர் கட்டு இன்னாத்துக்குன்னு கேட்டாங்களாம். கூடைக்குன்னு சொன்னா சிரிக்கறாங்களாம். நீ போம்மா, நீ பேசினா உட்ருவாங்க.”

முகம் கழுவி, கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு போனேன். அப்பா வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம், “எம் பொண்ணு சார். டீச்சரு. இங்கிலீசுல பேசும்” என்றார்.

உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினேன். அவர் என்னைவிட நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பிறகு தமிழுக்கு மாறி, “உக்காருங்க டீச்சர். எந்த ஸ்கூல்?” என்றார். சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் திறந்து என் முன்னால் வைத்தார்.

குண்டு குண்டான கையெழுத்து. ‘எங்கள் வீட்டுக்கு எதிரே மதகில் தினமும் ஒருவர் சைக்கிளை நிறுத்தி உட்காருவார். பையில் சிவப்பு, மஞ்சள் ஒயர் இருக்கும். ஒரு கையில் இரண்டு விரல் இல்லை. அவர் மேல் பட்டாசு வாசனை வரும். ஒரு நாள் எனக்கு மிட்டாய் கொடுத்தார். மிஸ் சொன்னபடி நான் வாங்கவில்லை.’

கீழே சிவப்பு டிக். மிக நன்று. என் கையெழுத்து.

“உங்க சைன்தானே?”

“ஆமா சார்.”

“படிச்சிட்டுத்தானே போட்டீங்க?”

படித்தேன் என்றால் பெற்ற அப்பனைப் பிடித்துக் கொடுத்தவள். படிக்கவில்லை என்றால் ஆசிரியை இல்லை. நான் முந்தானையில் வியர்வையைத் துடைத்தேன்.

“அதைப் படிக்கலை சார்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “முப்பத்தெட்டு நோட்டு. யாரு உக்காந்து படிப்பா?” என்றார். “நாங்களும்தான் பேப்பர் வந்தா ஆளைக் கூட்டிட்டு வர்றோம். குவாரி லைசென்ஸ் பாத்துட்டேன், ஒண்ணும் இல்லை. மேலே பதில் எழுதற வரைக்கும் நாலு நாள் வந்து உக்காந்துட்டுப் போகட்டும்.”

“சார், இது அப்பாவுக்குத் தெரிய வேணாம்.”

“எது?” என்று கேட்டு அவர் நோட்டை மூடி உள்ளே வைத்தார்.

வெளியே வந்தபோது அப்பா கேட்டார்: “இன்னாம்மா சொன்னான்?”

“நாலு நாள் வந்தா போதும்னு பேசியிருக்கேன்” என்றேன். பேசியிருக்கேன் என்றுதான் சொன்னேன்.

5

நாலு நாள் அப்பா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் வேலைக்குப் போனார். முதலாளி, போலீஸ் கண்ணில் பட்ட ஆள் மருந்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விசிலும் சிவப்புத் துணியும் வேறு ஒருவர் கைக்குப் போயின. அப்பா அன்றிலிருந்து ஜல்லிக் கூடை தூக்கி லாரியில் கொட்டுகிறார். இன்றும் அதைத்தான் செய்கிறார். விசில் சத்தம் கேட்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து ஓடி ஒதுங்குவாராம். அம்மா சொன்னாள்.

இதில் என்னால் தாங்க முடியாதது வேறு ஒன்று. அப்பா பார்க்கிறவர்களிடம் எல்லாம், “படிச்ச பொண்ணு ஒண்ணு இருந்திச்சி, தப்பிச்சேன். இல்லாங்காட்டி உள்ள தள்ளியிருப்பானுங்கோ” என்று சொல்லத் தொடங்கினார். கன்னியப்பன் மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார். “அன்னிக்கி உன்னிய தப்பா கேட்டுட்டேம்மா, மனசுல வெச்சிக்காத” என்றார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். மனசுல ஒண்ணும் இல்ல மேஸ்திரி என்றேன்.

அந்த நோட்டுக்காரப் பிள்ளை நன்றாகப் படிக்கிறவள். என் பாடத்தை முழுதாகக் கேட்டு, எழுத்துக்கு எழுத்து செய்த ஒரே மாணவி. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இலங்கைத் தமிழ் பேசிய அந்த மாடி வீட்டுக் குடும்பம் மழைக்கு முன்பே வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. என் டிக் அதற்குக் காரணமா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. ஏழு நிமிட நடையில் இருந்த வீடு அது.

மறு ஆண்டு, மே மாதத்தில் குண்டு வெடித்த அந்த நாளில் எல்லோரும் கொடுஞ்செயல் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த நாள் கோடை விடுமுறையில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனும் ஒரு கன்றுக்குட்டியும்தான் இருந்தார்கள். மாணவர் அனைவரும் உறுதிமொழி எடுத்ததாக அறிக்கை போயிற்று. எழுதிக் கொடுத்தது நான்தான். இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் இருக்கிறது என்று தலைமையாசிரியர் சொன்னார். அவர் கொடுத்த நற்சான்றிதழும் ‘வெற்றிகரமாக நடத்தியவர்’ என்ற வரியோடுதான் இருந்தது. அந்த வரியும் சேர்ந்துதான் என்னை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து இறக்கியது.

6

ஹசன் சார் சொன்னபின் மூன்று நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. ஸ்டெல்லா அக்காவிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் கணக்கு ஆசிரியை, கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“இந்தத் தீவுல புது ஆளு எத்தனை பேரு?”

எண்ணினோம். நாங்கள் இரண்டு பேர், இலங்கையிலிருந்து வந்த மருத்துவர், தச்சு வேலைக்கு வந்த மூன்று பேர்.

“அப்ப பிள்ளைகளுக்க பட்டியல்ல முதல் பேரு உனக்க பேருதான் மக்களே. எனக்க பேரு ரெண்டாவது. எனக்கு ரெண்டாவது வந்து பழக்கமில்ல” என்றார்.

மறுநாள் ஹசன் சாரிடம் போய், அந்தப் பாடம் என் ஊரில் வெற்றிகரமாக நடக்கவில்லை, அந்தச் சொல் பொய் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். தாய்மொழி அல்லாத மொழியில் அவமானத்தைச் சொல்வது கொஞ்சம் சுலபம், வேறு யாருக்கோ நடந்ததுபோல் இருக்கிறது. அவர் என் பயோடேட்டாவை எடுத்து அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

“அப்படியானால் என்ன செய்யலாம் என்கிறீர்கள்?”

“எழுதட்டும் சார். யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதட்டும். ஆனால் எழுதியதை அந்த ஆளிடமே படித்துக் காட்ட வேண்டும். அவர் திருத்தம் சொன்னால் அதையும் எழுத வேண்டும். கீழே அவர் கையெழுத்து இருந்தால்தான் நான் டிக் போடுவேன்.”

“பயங்கரவாதி கையெழுத்துப் போட மாட்டானே” என்றார் ஹசன் சார்.

“இட்லிக் குண்டானைத் தராதவர்களும் போட மாட்டார்கள் சார்” என்றேன். இட்லிக் குண்டானை அவருக்கு விளக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் பராபரு என்றார். என் ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பில் இருபத்தொன்பது பேர். எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொரு நோட்டுக்கும் கால் மணி நேரம். தச்சர்களைப் பற்றி எழுதியவன் அவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டு வந்திருந்தான். மருத்துவர் ஒரு பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருந்தார். ஆமினா என்கிற பெண், கடையில் பார்த்த அந்தக் கிழவரின் பேத்தி, என் அறை வாசலுக்கே வந்து நின்றாள். என்னைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். என்னை எழுதப் பயந்த மற்றவர்கள் கணக்கு டீச்சரை எழுதியிருந்தார்கள்.

“‘சுமதி மிஸ் காலையிலேயே மிளகாய் சாப்பிடுவார். அறையில் தனியாக இருக்கும்போது அந்த ஆட்கள் பேசிய மொழியில் தனக்குத்தானே பேசுவார். என் மாமாவைக் கொன்றவர்கள் பேசிய மொழி அது. மிஸ் என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது’” என்று படித்தாள். பிறகு, “திருத்தம் இருக்கிறதா மிஸ்?” என்றாள்.

எனக்கு நிறையத் திருத்தம் இருந்தது. எந்த மொழியையும் யாரும் மொத்தமாக வாங்கிக்கொள்ள முடியாது என்று இருபது நிமிடம் பேசியிருப்பேன், கண்ணும் கலங்கியிருக்கும். ஆனால் அவள் எழுதியதில் தப்பு ஒன்றுமே இல்லை. “நான் எனக்குள் பேசுவது பெரும்பாலும் சாமான் பட்டியல், எங்கள் அப்பாவோடு கொஞ்சம்” என்றேன்.

“உங்கள் அப்பா இங்கே இல்லையே.”

“அதனால்தான் பேசுகிறேன்.”

அதையும் எழுதிக்கொண்டாள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாள். பாறைக்கு வேட்டு வைக்கிறவராக இருந்தார் என்றேன். கான்ட்ராக்டர் என்று வாய்வரை வந்தது, வந்த வழியே போயிற்று. பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, “ஏன் இப்போது இல்லை?” என்று கேட்டாள்.

சொன்னேன். எழுதி முடித்து நோட்டை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

“இதை உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டீர்களா மிஸ்?” என்றாள். “அவரைப் பற்றித்தானே.”

7

இந்தக் குறிப்புகளை நான் இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று இந்தப் பத்திரிகைக்கு. மற்றொன்று அதே தோணியில் முடிச்சூருக்குப் போய்விட்டது. உறையில் என் தங்கை தேவகியின் பெயர். பிளஸ் டூ படிக்கிறாள், எனக்கு எழுதும் கடிதங்களை இப்போதெல்லாம் ‘டியர் சிஸ்டர்’ என்று தொடங்கி நான்கு வரியில் முடித்துவிடுகிறாள். இதை முழுதாகப் படிப்பாளா என்ற சந்தேகத்தில் அவளுக்குத் தனியாக ஒரு துண்டுக் காகிதமும் வைத்திருக்கிறேன். அப்பாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டு. பஸ் ஜன்னல் விஷயத்தையும் விடாதே. என்னைப் பற்றி நல்லதாக எதையும் சேர்க்காதே. அவர் திருத்தம் சொன்னால் ஓரத்தில் எழுது. கடைசிப் பக்கத்தின் அடியில் அவர் கைநாட்டுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பத்திரிகை ஆசிரியருக்கும் எழுதிவிட்டேன்: முடிச்சூரிலிருந்து அந்தக் கடைசிப் பக்கம் உங்கள் கைக்கு வந்து சேரும்வரை இதை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.